பூச்சி வைரஸ் ஜீனோம்ல திரும்பத் திரும்ப வர்ற ஹெச்ஆர் துண்டு எதுக்கு? ஜீன் எக்ஸ்பிரஷனுக்கு இது இன்னா பண்ணுது?

கழனிக்காட்டுப்பொண்ணு (வேலூர்):

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி பக்கம் எம்எஸ்சி பயோடெக் படிக்கிறேன், சொந்த ஊரு அணைக்கட்டு தாண்டி உள்ள ஒரு கிராமம். ப்ராஜெக்ட்டுக்கு எஸ்எஃப்9 பூச்சி செல்லுல ஒரு ரிப்போர்ட்டர் பிளாஸ்மிட் போட்டு பாத்துகினு இருக்கேன், பேக்குலோவைரஸோட (பூச்சிய தாக்கற வைரஸ் குடும்பம்) ஐஈ1 ஜீனோட ப்ரோமோட்டர், அதான் ஜீன ஓட ஆரம்பிச்சு வெக்கற துண்டு, அதுக்கு பின்னாடி வெளிச்சம் குடுக்கற லூசிஃபரேஸ் ஜீன், அவ்ளோதான். சிக்னல் வருது, வராம இல்ல, ஆனா ரொம்ப சுமாரா வருது. மேடம் பாத்துட்டு ப்ரோமோட்டர் முன்னாடி ஹெச்ஆர்5 வெச்சு கட்டி பாரும்மான்னு சொன்னாங்க. சரின்னு படிக்க ஆரம்பிச்சா ஒரே கொழப்பமா கீது.

ஏசிஎம்என்பிவி, அதான் ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்பிவி, அதோட ஜீனோம் 1,33,894 பேஸ் பேர், அதுக்குள்ள நூத்தம்பதுக்கு மேல ஜீன் நெருக்கி நெருக்கி உக்காந்துகினு இருக்கு, ரெண்டு ஜீனுக்கு நடுவுல காலி எடமே ரொம்ப கம்மி. அப்படி எடத்த மிச்சம் புடிக்கிற வைரஸ் இந்த ஹெச்ஆர், அதாவது ஹோமாலகஸ் ரீஜன்னு சொல்ற ஒரே மாதிரி துண்டுங்கள மட்டும் எட்டு ஒம்போது எடத்துல ஏன் வெச்சுகினு இருக்கணும்? ஒரு பேப்பர்ல என்ஹான்சர், அதான் ஜீன் எக்ஸ்பிரஷன தூக்கி விடற துண்டுங்கறான், இன்னொண்ணுல டிஎன்ஏ காப்பி ஆவ ஆரம்பிக்கிற எடம்ங்கறான், இன்னொண்ணுல ஒண்ண எடுத்துட்டாலும் வைரஸுக்கு ஒண்ணும் ஆவலங்கறான். மூணும் எப்படி உண்மையா இருக்க முடியும்? என் பிளாஸ்மிட்ல ஒரே ஒரு ஹெச்ஆர் வெச்சா போதுமா, நேரா வெக்கணுமா திருப்பி வெக்கணுமா?

இன்னொரு விஷயமும் கேக்கணும். எங்க நைனா மல்லாட்டை போடுவாரு, புரொடீனியா புழு வந்தா மருந்துக்கு பதிலா என்பிவி வாங்கியாந்து அடிப்பாரு. அந்த பாட்டில்ல கீற வைரஸும் இதே குடும்பம்னு தெரிஞ்சதுல இருந்து இத சரியா புரிஞ்சிக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. அதுலயும் இந்த ரிபீட் இருக்குமா? பொறுமையா சொல்றவங்களுக்கு ரொம்ப நன்றி.

பாலாத்துக்கரை:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் ராணிப்பேட்டை ஆளு, இப்போ வெளியூர்ல பூச்சி வைரஸ் மேலதான் வேலை. கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா இத சுருக்கி சொல்லப் போயிதான் எல்லா எடத்துலயும் கொழப்பமே வருது.

மொதல்ல இது எப்படி கண்ணுல பட்டுச்சுன்னு பாரு. 1983ல காக்ரன், ஃபாக்னர்னு ரெண்டு பேரு இந்த வைரஸ் டிஎன்ஏவ துண்டு போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு பாத்தப்ப, ஜீனோம்ல தள்ளித் தள்ளி கீற சில எடங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டுது, அதாவது சீக்வன்ஸ் ஒரே மாதிரி கீது. அந்த எடங்கள்ல ஈகோஆர்-1 என்சைம் போட்டா குட்டி குட்டியா நெறைய துண்டு விழுது. காரணம் இன்னான்னா, ஒவ்வொரு ஹெச்ஆரும் சுமார் 70 பேஸ் பேர் நீளமுள்ள ஒரு யூனிட்ட வரிசையா பலமுறை அடுக்கி வெச்சது, ஒவ்வொரு யூனிட்டுக்கும் நடுவுல 28, 30 பேஸ் அளவுக்கு ஒரு பாலிண்ட்ரோம், முழுசா பொருந்தாது ஆனா கிட்டத்தட்ட இந்தப்பக்கம் படிச்சாலும் எதிர் இழையில அந்தப்பக்கம் படிச்சாலும் அதேதான், அந்த பாலிண்ட்ரோமோட நட்டநடுவுலதான் ஜி-ஏ-ஏ-டி-டி-சின்ற ஈகோஆர்-1 சைட் உக்காந்திருக்கு. எத்தன யூனிட்டுன்றது ஹெச்ஆருக்கு ஹெச்ஆர் மாறும், உன் ஹெச்ஆர்5ல ஆறு பாலிண்ட்ரோம் கீது, ஹெச்ஆர்4சில ஒண்ணே ஒண்ணுதான். எட்டா ஒம்போதான்ற கேள்விக்கும் பதில் இதான், எத தனியா எண்றோம் எத சேத்து எண்றோம்ன்றத பொறுத்தது.

அடுத்து 1986, டெக்ஸாஸ்ல குவாரினோவும் சம்மர்ஸும். 39கேன்னு ஒரு ஜீன், டிலேய்டு எர்லி வகை (தொற்று ஆரம்பத்துல, ஆனா மொத ஜீனுங்களுக்கு கொஞ்சம் பின்னாடி ஓடறது), அதோட ப்ரோமோட்டர்ல ஒரு ரிப்போர்ட்டர கட்டி செல்லுல போட்டாங்க. ஐஈ1 ஜீன கூட குடுத்தா அது வேலை செய்யுது. அதே பிளாஸ்மிட்ல ஒரு ஹெச்ஆர் துண்ட சேத்து ஐஈ1ம் குடுத்தா எக்ஸ்பிரஷன் பயங்கரமா ஏறுது. ஹெச்ஆர் அதே டிஎன்ஏ துண்டுல ஒட்டி இருக்கணும், தனி பிளாஸ்மிட்ல இருந்தா பலன் இல்ல. திசை மாத்தினாலும் வேலை செய்யுது. இதுதான் என்ஹான்சருக்கு இலக்கணம், அதனால நீ நேரா வெக்கறியா திருப்பி வெக்கறியான்றது பெரிய விஷயம் இல்லமா.

ஐஈ1 எப்படி பண்ணுதுன்றதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. ஐஈ1 புரதம் 582 அமினோ அமிலம், அது ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து டைமராத்தான் டிஎன்ஏவ புடிக்கும். பாலிண்ட்ரோம்ல ரெண்டு பாதி இருக்கு இல்லயா, அந்த ரெண்டு பாதியும் இருந்தாத்தான் ஜோடி ஒழுங்கா உக்காரும். 1995ல ராடெம்ஸும் ஃப்ரீசனும் இந்த ஹெச்ஆர்5லயே பாதிய கெடுத்து பாத்தாங்க, ஒரு பாதி மட்டும் இருந்தா ட்ரான்ஸ்கிரிப்ஷன தூக்கி விடற சக்தி போயிடுது. அப்போ அந்த கண்ணாடி மாதிரி அமைப்பு தற்செயல் இல்ல, ஜோடி புரதத்துக்கு ஏத்த ஜோடி எடம்.

இப்ப உன் சிக்னல் ஏன் சுமாரா கீதுன்றதுக்கு வரேன், நீ கேக்காத விஷயம் ஆனா இதான் முக்கியம். நீ வெச்சிருக்கறது ஐஈ1 ஜீனோட ப்ரோமோட்டர் மட்டும், அதுக்கு பின்னாடி லூசிஃபரேஸ். அப்போ உன் செல்லுல ஐஈ1 புரதம் எங்கமா கீது? இல்லவே இல்ல. ப்ரோமோட்டர் பேரு ஐஈ1ன்றதால புரதமும் இருக்குன்னு நெனச்சிடக்கூடாது. பூச்சி செல்லோட சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ்-2 வந்து அந்த ப்ரோமோட்டர படிக்குது, அதான் உனக்கு வர்ற சிக்னல். அதுல ஹெச்ஆர்5 வெச்சா ஓரளவு ஏறும், ஆனா முழுப் பலன் ஐஈ1 புரதம் கூட இருந்தாத்தான்.

ஜெல்_லேன்:

ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லிட்டு போயிடறேன் சிஸ்டர். ஹெச்ஆர்5 க்ளோன் பண்றதுக்கு ஈகோஆர்-1 சைட்ட ப்ரைமர்ல வெச்சுடாதீங்க, மேல அண்ணா சொன்ன மாதிரி பாலிண்ட்ரோம் நடுவுல எல்லாம் அதே சைட்தான், இன்சர்ட் கண்டதுண்டமா போயிடும். வேற ஜோடி என்சைம் எடுங்க.

பிசிஆர் பண்ணும்போது ப்ரைமர ரிபீட் உள்ள வெக்கவே கூடாது, வெளிய தனித்துவமா கீற சீக்வன்ஸ்ல வெக்கணும், இல்லன்னா அது எந்த யூனிட்ல வேணா போய் உக்காந்துக்கும், ஜெல்ல ஏணிப்படி மாதிரி பேண்டு வரும். சரியான ப்ரைமர் வெச்சாலும் சில சமயம் சின்ன சின்ன பேண்டு கூட வரும், பாதியில நின்ன இழை அடுத்த யூனிட்டோட ஒட்டிக்கறதால. எக்ஸ்டென்ஷன் டைம் கொஞ்சம் கூட்டி, சைக்கிள் கொறச்சி பாருங்க. ஈ.கோலைல வளக்கும்போதும் சாதா டிஹெச்5-ஆல்ஃபால ரிபீட் கழண்டு போக வாய்ப்பு இருக்கு, எஸ்டிபிஎல்3 மாதிரி ரீகாம்பினேஷன் கம்மியான ஸ்ட்ரெய்ன் எடுத்து 30 டிகிரில வளத்தா நல்லது. சாங்கர் சீக்வன்சிங் ஹேர்பின் வர்ற எடத்துல திடீர்னு செத்துப்போகும், ரெண்டு பக்கத்துல இருந்தும் ஓட்டச் சொல்லுங்க, பீட்டெயினோ டிஎம்எஸ்ஓவோ சேக்க சொல்லுங்க.

கடைசியா அந்த ஈகோஆர்-1 தொல்லைய உங்களுக்கு சாதகமா ஆக்கிக்கலாம். க்ளோன் கெடச்சதும் ஒரு டியூப்ல ஈகோஆர்-1 போட்டு வெட்டி 3 சதவீதம் அகரோஸ்ல ஓட்டுங்க, ஒரு சதவீத ஜெல்ல அந்த குட்டி துண்டு ஓடி வெளிய போயிடும், கண்ணுக்கே தெரியாது. யூனிட் கழண்டிருக்கா இல்லயான்னு சீக்வன்சிங் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஐடியா கெடச்சிடும்.

கழனிக்காட்டுப்பொண்ணு:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஐஈ1 புரதமே இல்லன்றத படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன், அத யாரும் எனக்கு இப்படி பிரிச்சி சொல்லல. ப்ரைமர் ஆர்டர் இன்னும் போடல, நல்லவேளை.

ஆனா இன்னும் ஒண்ணு புரியல. என்ஹான்சர்னா ஒண்ணு ரெண்டு போதாதா? ஏன் ஜீனோம் முழுக்க பரப்பி வெக்கணும்? அந்த ஓரி, அதான் டிஎன்ஏ காப்பி ஆவ ஆரம்பிக்கிற எடம், அந்த விஷயமும் யாராவது சொல்லுங்களேன்.

சேர்க்காட்டுவாசி:

இந்த ஓரி விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாடப்புத்தகத்துல ஹெச்ஆர்னா என்ஹான்சர் பிளஸ் ஓரின்னு ஒரே வரியில எழுதி முடிச்சிடறாங்க. அந்த ரெண்டுக்கும் ஆதாரம் ஒரே பலத்துல இல்ல.

ஓரின்னு எப்படி சொன்னாங்கன்னா, ஹெச்ஆர் வெச்ச பிளாஸ்மிட்ட பூச்சி செல்லுல போட்டு கூட வைரஸையும் ஏத்தி விடுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு டிஎன்ஏ எடுத்து டிபிஎன்-1 என்சைம் போடுவாங்க. இதுல அழகு இன்னான்னா ஈ.கோலைல வளந்த டிஎன்ஏல ஜி-ஏ-டி-சி எடத்துல மெத்தில் ஒட்டிகினு இருக்கும், டிபிஎன்-1 அத மட்டும்தான் வெட்டும். பூச்சி செல்லுக்குள்ள புதுசா காப்பி ஆன டிஎன்ஏல அந்த மெத்தில் இருக்காது, அதனால வெட்டு படாது. அப்போ வெட்டு படாம முழுசா நிக்கற பிளாஸ்மிட் இருந்தா அது உள்ள போயி காப்பி ஆயிருக்குன்னு அர்த்தம். 1992 வாக்குல இந்த மாதிரி சோதனையில ஹெச்ஆர் எல்லாம் ஓரி மாதிரி வேலை செய்யுதுன்னு காட்டினாங்க, நல்ல சோதனை, நான் கொற சொல்லல.

ஆனா அது பிளாஸ்மிட். வைரஸோட முழு ஜீனோம்ல எது ஓரின்றது வேற கேள்வி. ஹெச்ஆரே இல்லாத ஒரு எடமும் அதே சோதனையில ஓரி மாதிரி வேலை செய்யுது, அத நான்-ஹெச்ஆர் ஓரின்னே பேர் வெச்சு கூப்பிடறாங்க. 1993ல ராடெம்ஸ், ஃப்ரீசன் ஹெச்ஆர்5 இல்லாத வைரஸ் செஞ்சாங்க, அது பாட்டுக்கு பெருகுச்சு, பக்கத்துல கீற எர்லி ஜீனோட எக்ஸ்பிரஷன் மட்டும் கொறஞ்சுது. 2007ல கார்ஸ்டென்ஸும் வூவும் ஒவ்வொரு ஹெச்ஆரா தனித்தனியா எடுத்து பாத்து, டிஎன்ஏ காப்பி ஆவறதுக்கு எந்த ஒரு ஹெச்ஆரும் தனியா அவசியம் இல்லன்னு தெளிவா காட்டிட்டாங்க. நீங்க படிச்ச மூணாவது பேப்பர் இதாத்தான் இருக்கணும்.

அதுக்காக ஹெச்ஆர் வேஸ்ட்டுன்னு அர்த்தம் இல்ல, இங்கதான் உங்க ஏன் இத்தனைன்ற கேள்விக்கு பதில் கீது. 2018ல அதே கார்ஸ்டென்ஸ் குழு ஒண்ணு மேல ஒண்ணா ஹெச்ஆர நீக்கிகினே போயி பாத்தாங்க, நீக்க நீக்க செல்லுல இருந்து மொட்டு விட்டு வெளிய வர்ற வைரஸ் கொறையுது, லேட் ஜீன்களோட புரதமும் கொறையுது. நம்ம ஊர்ல ஒரே கெணத்த நம்பாம கழனிக்கு நாலு பக்கம் போர் போட்டு வெப்பாங்களே, ஒண்ணு வத்தினா பயிர் சாகாது, எல்லாம் வத்தினாத்தான் தெரியும், அப்படித்தான். ஒவ்வொண்ணும் தனியா அவசியமான்னு கேட்டா இல்ல, மொத்தமா அவசியமான்னு கேட்டா ஆமா. தனித்தனியா நீக்கின சோதனைய மட்டும் படிச்சிட்டு இது தேவையில்லாத டிஎன்ஏன்னு முடிவு கட்டறவங்கள பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கு.

லேட் புரதம் ஏன் கொறையுதுன்றதையும் சேத்து புரிஞ்சிக்கோங்க. எர்லி ஜீன பூச்சி செல்லோட பாலிமரேஸ் படிக்குது, லேட் ஜீன வைரஸ் தானே செய்யற பாலிமரேஸ் படிக்குது, லெஃப்-4, லெஃப்-8, லெஃப்-9, பி47ன்னு நாலு துண்டு சேந்தது, டி-ஏ-ஏ-ஜின்ற சின்ன அடையாளத்த பாத்து ஆரம்பிக்கும். இந்த பாலிமரேஸ் துண்டுங்கள செய்யறதே எர்லி ஜீனுங்கதான், லேட் எக்ஸ்பிரஷன் ஆரம்பிக்க டிஎன்ஏ காப்பி ஆயிருக்கவும் வேணும். அப்போ ஹெச்ஆர் எர்லி எக்ஸ்பிரஷன்ல கை வெச்சாலும் சரி, காப்பி ஆவறதுல கை வெச்சாலும் சரி, கடைசியில பாலிஹெட்ரின் (வைரஸ பொதிஞ்சி வெக்கற லேட் புரதம்) வரைக்கும் அது தெரியும். இந்த ரெண்டு வழியில எது எவ்ளோன்னு பிரிக்கறதுதான் கஷ்டமான வேலை, அத பிரிக்காம ரெண்டும்னு எழுதிடறதுதான் எனக்கு புடிக்கல.

பாலாத்துக்கரை:

சேர்க்காட்டுவாசி சொல்றதுல பெரும்பாலும் ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சேக்கணும். 1996ல செய்யது ஹஸ்னைன் குழு ஹெச்ஆர்1 மேல பண்ணின வேலையில, என்ஹான்சர் வேலைக்கும் ஓரி வேலைக்கும் வேண்டிய சீக்வன்ஸ் வேற வேறன்னு காட்டினாங்க. அதாவது ஒரே துண்டுக்குள்ள ரெண்டு வேலை கீது, ஆனா ரெண்டும் ஒரே எழுத்துங்கள நம்பி இல்ல. அதனால பிரிக்கவே முடியாதுன்னு இல்ல, பிளாஸ்மிட் அளவுல பிரிச்சிருக்காங்க. நம்ம நாட்டு லேப்ல நடந்த வேலை, இங்க பாதி பேருக்கு தெரியறதே இல்ல, அதான் சொல்றேன். அதே குழு பின்னாடி ஹெச்ஆர்1ஐ இன்னொரு காப்பி வைரஸ்ல சேத்து வெச்சு வெளி ஜீனோட எக்ஸ்பிரஷன் கூடறதையும் காட்டினாங்க, 2003ல பாலூட்டி செல்லுல கூட இது என்ஹான்சரா வேலை செய்யுதுன்னு எழுதினாங்க.

பாலூட்டி செல்லுல எப்படின்னு யோசிச்சா அடுத்த சங்கதி புரியும். ஹெச்ஆர்ல பாலிண்ட்ரோம் மட்டும் இல்ல. ரெண்டு பாலிண்ட்ரோமுக்கு நடுவுல கீற எடத்துல சிஆர்இ, டிஆர்இன்னு சொல்ற சின்ன மோட்டிஃப் வரிசையா இருக்கு, செல்லோட சொந்த பி-ஜிப் வகை புரதங்க வந்து உக்கார்ற எடம். 2006ல லாண்டே குழு இத அலசினாங்க, பல பேக்குலோவைரஸ் ஹெச்ஆர்ல இது கூட்டம் கூட்டமா மாறாம நிக்குதுன்னு. அப்போ பாலிண்ட்ரோம்ல வைரஸ் புரதம், நடுவுல செல்லு புரதம், ரெண்டும் பக்கத்து பக்கத்துல உக்காந்து ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை. தங்கச்சி, ஐஈ1 இல்லாமலே ஹெச்ஆர்5 கொஞ்சம் ஏத்தி விடும்னு நான் மேல சொன்னதுக்கு இதுதான் விளக்கம்.

பட்டுக்கூடு (வாணியம்பாடி):

நான் லேப் ஆளு இல்ல, எங்க வீட்ல பட்டுப்புழு வளக்கறோம், மல்பெரி ரெண்டு ஏக்கர். எங்களுக்கு இந்த வைரஸ் குடும்பம்னாலே வயித்தெரிச்சல். புழு வீங்கி, தோலு பளபளன்னு ஆயி, லேசா தொட்டாலே கிழிஞ்சி பால் மாதிரி தண்ணி வரும், தட்டு ஓரமா ஏறி ஏறி போவும், ஒரு தட்டுல வந்துச்சுன்னா மொத்த பேட்ச்சும் போயிடும். பால் நோய்னுவோம், கிராசரி. அது பிஎம்என்பிவின்னு பையன் சொன்னான், அவன் காலேஜ்ல படிக்கிறான், அவன்தான் இந்த திரட்ட காட்டினான். கூடை கூடையா செத்த புழுவ பொறுக்கி சுண்ணாம்பு போட்டு பொதைக்கற எனக்கு, அதுக்குள்ள இப்படி ஒரு கணக்கு வெச்சிகினு இருக்குதான்னு ஆச்சரியமா இருக்குபா.

பையன் தேடி சொன்னத எழுதறேன். பட்டுப்புழு வைரஸோட ஜீனோம் 1,28,413 பேஸ் பேர், அதுலயும் ஏழு ஹெச்ஆர் கீதாம். 1985லயே ஜப்பான்ல மயேதா குழு இந்த வைரஸ வெச்சு உயிரோட கீற பட்டுப்புழுவுக்குள்ளயே மனுஷ இன்டர்ஃபெரான் செய்ய வெச்சாங்களாம். அப்பால 1997ல கனடாவுல இயாட்ரூ குழு, பட்டுப்புழுவோட சொந்த ஆக்டின் ப்ரோமோட்டர எடுத்து, அதோட இந்த வைரஸ் ஹெச்ஆர்3ஐயும் ஐஈ1 ஜீனையும் சேத்து ஒரே பிளாஸ்மிட்ல வெச்சு, வைரஸே இல்லாம செல்லுல ஏகத்துக்கு புரதம் எடுத்தாங்களாம். அந்த பொண்ணு ப்ராஜெக்ட்டுக்கு இது உதவுமான்னு பாத்துக்கோமா.

எனக்கு ஒரு கேள்வி. இந்த ரிபீட்ட வெச்சு வைரஸ் வகைய அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு வருஷம் வர்ற நோய் லேசா போவுது, ஒரு வருஷம் வர்றது வாரிகினு போவுது, ரெண்டும் ஒரே வைரஸான்னு எங்களுக்கு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

ஜெல்_லேன்:

அண்ணே, வகைய பிரிச்சு பாக்க உதவும். ஒரே வைரஸோட வேற வேற ஊர் ஐசோலேட்ட எடுத்து பாத்தா ஜீனுங்க கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஹெச்ஆர்லதான் யூனிட் கூட கொறைய இருக்கும், அதனால அந்த பகுதிய பிசிஆர் பண்ணி நீளத்த பாத்தே பிரிக்கறவங்க கீறாங்க. ஆனா ஹெச்ஆர் நீளத்த பாத்து இது வாரிகினு போற வகைன்னு முடிவு பண்ணக்கூடாது. நோய் எவ்ளோ வேகமா பரவுதுன்றது ஷெட்டுல கீற சூடு, ஈரம், எந்த வயசு புழு, எவ்ளோ வைரஸ் உள்ள போச்சு, டிஸ்இன்ஃபெக்ஷன் எப்படி பண்ணினீங்க எல்லாத்தையும் பொறுத்தது. வகை பிரிக்கறது வேற, வேகம் கணிக்கறது வேற.

இன்னொண்ணு, முழு ஜீனோம் சீக்வன்ஸ் பண்றவங்களுக்கு. 150 பேஸ் ஷார்ட் ரீட் மட்டும் வெச்சு அசெம்பிள் பண்ணினா ஹெச்ஆர் சுருங்கி போயிடும், ஆறு யூனிட் மூணா தெரியும். லாங் ரீட் எடுத்தாத்தான் சரியான எண்ணிக்கை வரும். பழைய சீக்வன்ஸோட ஒப்பிட்டு இங்க யூனிட் கொறஞ்சிடுச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி இத பாத்துடணும்.

விரிஞ்சிபுரத்தான்:

மல்லாட்டை பத்தி கேட்டத யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். வேளாண்மை படிச்சவன், இந்தப் பக்கம்தான் வேலை.

உங்க நைனா அடிக்கிறது ஸ்போடாப்டிரா லிட்டூரா என்பிவி. புரொடீனியான்னு ஊர்ல சொல்றது அந்த புழுவோட பழைய பேரு. அந்த வைரஸோட ஜீனோம் 2001ல வந்துச்சு, 1,39,342 பேஸ் பேர், அதுல பதினேழு ஹெச்ஆர். ஏசிஎம்என்பிவில கீறத விட ரெட்டிப்பு கிட்ட. துவரைக்கும் கொண்டக்கடலைக்கும் அடிக்கிற பச்சைக் காய்ப்புழு வைரஸ்ல, அதான் ஹெலிகோவெர்பா வகை, அஞ்சுதான். அதுக்காக பதினேழு இருக்கறது வீரியம் அதிகம்னு எடுத்துக்காதீங்க, அப்படி ஒரு கணக்கே கெடயாது. சீக்வன்ஸும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஒரு வைரஸுக்குள்ள ஹெச்ஆர் எல்லாம் ஒத்துப்போவும், வைரஸுக்கு வைரஸ் மாறிடும். க்ரைசோடெய்க்சிஸ் சால்சைட்டிஸ்னு ஒரு புழுவோட என்பிவில வழக்கமான ஹெச்ஆரே இல்ல, ஆப்பிள் பழத்த துளைக்கிற புழுவோட கிரானுலோவைரஸ்ல அடுக்கு ரிபீட் இல்லாம தனித்தனி பாலிண்ட்ரோமா பதிமூணு எடத்துல பரவி கீது.

மத்தபடி அடிக்கிற முறையும் சொல்லிடறேன், இத படிக்கிறவங்கள்ல விவசாயி வீட்டு புள்ளைங்க நெறைய இருப்பீங்க. எக்டேருக்கு 250 எல்ஈ (லார்வல் ஈக்விவலன்ட், ஒரு புழு அளவு), ஒரு எல்ஈன்னா 600 கோடி பாலிஹெட்ரா, அதான் வைரஸ் பொதிஞ்ச குட்டி குட்டி படிகம், அப்போ மொத்தம் ஒன்றரை லட்சம் கோடி. சாயங்காலம்தான் அடிக்கணும், வெயில்ல கீற புற ஊதா கதிர் வைரஸ கெடுத்துடும், வேலூர் வெயில பத்தி நான் சொல்லணுமா. வெல்லம் கரைச்சு சேத்தா புழு நல்லா தின்னும், இலையிலயும் ஒட்டும். புழு சின்னதா இருக்கும்போதே அடிக்கணும், பெருசான பின்னாடி அடிச்சிட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. இது தின்னுதான் உள்ள போவணும், குடல்ல காரத்தன்மை ஜாஸ்தி, அங்க பாலிஹெட்ரின் கரைஞ்சி வைரஸ் வெளிய வருது, குடல் செல்லுக்குள்ள பூந்த மொத சில மணி நேரத்துல நீங்கள்லாம் பேசற ஐஈ1 வேலை ஆரம்பிக்குது. புழு தலைகீழா தொங்கறதுக்கு நாலஞ்சு நாள் ஆவுது. மருந்து அடிச்ச மாதிரி மறுநாளே கொட்டாதுன்னு நைனாவுக்கும் பக்கத்து கழனிக்காரங்களுக்கும் சொல்லி வெய்யுங்க, அந்த பொறுமை இல்லாமத்தான் நல்ல பொருள விட்டுட்டு மறுபடியும் விஷத்துக்கு போறாங்க.

கழனிக்காட்டுப்பொண்ணு:

நைனாகிட்ட பதினேழு எடம்னு சொன்னேன், வைரஸ் கண்ணுக்கே தெரியாதே அதுல எடத்த எப்படி எண்ணினாங்கன்னு கேட்டாரு, ஒரு மணி நேரம் உக்கார வெச்சு சொன்னேன், ஜீனோம் சீக்வன்சிங் பத்தி எங்க ஊர் திண்ணையில பேசினது இதான் மொத தடவையா இருக்கும்னு நெனைக்கிறேன்.

இப்ப என் ப்ளான சொல்றேன், சரியா பாருங்க. ஐஈ1 ப்ரோமோட்டர் லூசிஃபரேஸ் ஒண்ணு, அதே ஹெச்ஆர்5 சேத்தது ஒண்ணு. ரெண்டையும் எஸ்எஃப்9ல போட்டு 48 மணி நேரத்துல படிப்பேன். அப்பால ஐஈ1 புரதம் செய்யற இன்னொரு பிளாஸ்மிட்ட கூட குடுத்து மறுபடியும். ஏசிஎம்என்பிவி வைரஸையே ஏத்தியும் பாக்கலாமான்னு மேடம் கேட்டாங்க. வேற இன்னா வெக்கணும்?

பாலாத்துக்கரை:

நல்லா போட்டிருக்க. நாலு விஷயம் கவனிச்சிக்கோ.

ஒண்ணு, ரெண்டு பிளாஸ்மிட்டுக்கும் நீளம் வேற, அதனால எடையா எடுக்காத, மோல் கணக்குல சமமா எடு. ஹெச்ஆர்5 இருக்கற எடத்துல அதே நீளத்துக்கு வேற ஏதாவது சம்பந்தமில்லாத டிஎன்ஏ வெச்ச பிளாஸ்மிட் ஒண்ணு கட்டாயம் வெய்யி, அப்பத்தான் ஏறினது ஹெச்ஆரால, நீளத்தால இல்லன்னு சொல்ல முடியும். முடிஞ்சா பாலிண்ட்ரோம்ல ஒரு பாதிய கெடுத்த வெர்ஷன் ஒண்ணு ஆர்டர் பண்ணி வாங்கு, ஒரே ஒரு யூனிட் போதும், சின்னதுதான், செலவு கம்மி. உன் தீசிஸ்ல அந்த ஒரு பார்தான் மத்த எல்லாத்துக்கும் பலம் குடுக்கும்.

ட்ரான்ஸ்ஃபெக்ஷன், அதான் செல்லுக்குள்ள பிளாஸ்மிட் ஏத்தறது, ப்ளேட்டோட ஒவ்வொரு கிணத்துலயும் (வெல்) ஒரே மாதிரி போவாது, அதுக்கு இன்னொரு லூசிஃபரேஸ் வெச்சு நார்மலைஸ் பண்ணுவ. அந்த ரெண்டாவது பிளாஸ்மிட்டுக்கு எந்த ப்ரோமோட்டர் வெக்கறன்றதுல ஜாக்கிரதை. ஐஈ1 புரதத்துக்கு தானும் பதில் சொல்ற ப்ரோமோட்டரா இருந்தா உன் கணக்கே கோணிடும், ஐஈ1 குடுத்தும் குடுக்காமலும் அந்த பிளாஸ்மிட்ட தனியா போட்டு அது அசையாம நிக்குதான்னு மொதல்ல பாத்துடு. ஐஈ1 பிளாஸ்மிட் குடுக்காத கிணத்துல அதே அளவு காலி வெக்டர் குடுக்கணும், மொத்த டிஎன்ஏ எல்லா கிணத்துலயும் ஒண்ணா இருக்கணும்.

இன்னொண்ணு யோசி, உன்கிட்ட கீறது ஐஈ1 ப்ரோமோட்டர், அது தன்னாலயே நல்ல ப்ரோமோட்டர். ஹெச்ஆரோட சக்தி பளிச்சுன்னு தெரியணும்னா தனியா விட்டா சோம்பேறியா கீற ப்ரோமோட்டர்ல வெச்சு பாக்கணும். குவாரினோ, சம்மர்ஸ் 39கேவ எடுத்தது சும்மா இல்ல. மேடம் ஒத்துகினா 39கே ப்ரோமோட்டர்லயும் ஒரு ஜோடி கட்டு.

கடைசியா வைரஸ் ஏத்தற விஷயம். ஏத்தலாம், ஆனா 48 மணி நேரத்துல படிக்காத. எர்லி எக்ஸ்பிரஷன் மொத ஆறு மணி நேரத்து சங்கதி, அதுக்கு மேல லேட் ஆரம்பிக்குது, இன்னும் போனா செல்லோட சொந்த எம்ஆர்என்ஏ எல்லாம் அடங்கிடுது, அதோட ஹெச்ஆர்5 வெச்ச பிளாஸ்மிட் வைரஸ் கூட சேந்து காப்பி ஆவ ஆரம்பிச்சிடும். அப்போ சிக்னல் ஏறினா அது என்ஹான்சராலயா, பிளாஸ்மிட் எண்ணிக்கை கூடினதாலயான்னு சொல்ல முடியாது. சேர்க்காட்டுவாசி மேல சொன்ன சண்டை அப்படியே உன் டேட்டாவுக்குள்ள வந்து உக்காந்துக்கும். வைரஸ் ஏத்தின ஆறாவது மணி நேரத்துல ஒரு செட் படி, 24வது மணி நேரத்துல ஒரு செட் படி, அதே செல்லுல இருந்து டிஎன்ஏவும் எடுத்து டிபிஎன்-1 வெட்டு போட்டு க்யூபிசிஆர் பண்ணிடு. ஐஈ1 பிளாஸ்மிட் மட்டும் குடுத்த செட்டுல ரெப்ளிகேஷன் புரதங்க எதுவும் இருக்காது, அதனால அங்க வர்ற ஏத்தம் சுத்தமா என்ஹான்சர் ஏத்தம். அந்த செட்ட மொதல்ல முடி, வைரஸ் செட்ட அதுக்கு அப்பால வெச்சுக்க.